விழுந்தவர் எங்கே கிடக்கிறார் என்று பந்தயத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்

சர்வதேச மிதிவண்டி ஓட்டக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பல கட்டப் பந்தயங்களை நடத்துபவர்களுக்கும், தொழில்முறை அணிகளின் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற கோடையில் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைச் சாலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஓரம் என் பத்து வயது மகளோடு நின்று, நாளுக்கொரு கட்டமாகப் பல நாள் ஓடும் பல கட்டப் பந்தயம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தயத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதை நடத்தியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. முன்னணிக் குழு கடந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹெலிகாப்டரும் கேமரா ஏந்திய மோட்டார் சைக்கிள்களும் அந்தக் குழுவோடு பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டன. அப்போது ஒரு வீரர் தனியாக வந்தார். சூடேறிய பிரேக்கின் நெடி எங்கள் முகத்தில் அடித்தது. வளைவின் வெளிப்பக்கச் சரளையில் அவருடைய பின்சக்கரம் வழுக்கியது. மறுகணம் சாலையில் அவரும் இல்லை, அவருடைய வண்டியும் இல்லை. ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் சாலையின் குறுக்கே உருண்டு வந்து நின்றது. அடுத்து வந்த மூன்று வீரர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த அணிக் காரும் அந்தப் போத்தலை விலக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கண்ணில் பட்டது போத்தல் மட்டுந்தான். நாங்களும் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவரும் சாலைக்கு ஓடிக் கைகளை வீசி, பின்னால் வந்த நடுவரின் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். புதருக்குள் நாலு மீட்டர் கீழே, காரை எலும்பு முறிந்து, நினைவு தப்பாமல் அந்த இளைஞர் கிடந்தார். ரேடியோவில் பேசத் தொடங்கிய நடுவர், விழுந்தவரின் எண் என்ன என்று எங்களைத்தான் கேட்டார்.

நாங்கள் அந்த வளைவில் நின்றது தற்செயல். அதற்குக் கீழே இருந்த வளைவில் ஒருவரும் நிற்கவில்லை.

இதனால்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் நாட்காட்டியில் இடம்பெறும் ஒவ்வொரு பல கட்டப் பந்தயத்திலும், ஆண், பெண், இளையோர் என்ற பேதமில்லாமல், புறப்படும் ஒவ்வொருவரிடமும் இருப்பிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி இருக்க வேண்டும். ஒருவர் சாலையை விட்டு விலகினாலோ, நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிட்டாலோ, அதைக் கவனிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் திரையின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முரியல் ஃபுரரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 செப்டம்பர் 26 அன்று, சூரிச்சில் நடந்த உலகப் போட்டியின் இளையோர் பெண்கள் பந்தயத்தில், மழையில், காட்டுப் பகுதி ஒன்றின் இறக்கத்தில் அவர் விழுந்தார். அவருக்கு வயது 18. தன் சொந்த நாட்டில், தன் சொந்த ஊர்ப்பக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்த போட்டி அது. அந்தக் காட்டுக்குள் அவர் நெடுநேரம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தார், மறுநாள் இறந்தார். உடனே கண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதைப் பற்றி நான் பேச வரவில்லை. ஒரு பெண் பிள்ளை எண் அட்டையை முதுகில் குத்திக்கொண்டு புறப்படுகிறாள், எல்லைக்கோட்டுக்கு வரவில்லை, எங்கே என்று கேட்டால் பந்தயத்திடம் பதிலில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கைப்பேசியைத் தொலைத்தவர்கூட வரைபடத்தில் அது கிடக்கும் தெருவைப் பார்த்துவிடும் காலம் இது.

அது ஒருநாள் போட்டி. பல கட்டப் பந்தயத்தில் இந்த ஆபத்து குறைவதில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். 2025 டூர் டி பிரான்ஸில் 184 பேர் புறப்பட்டார்கள். மலைக் கட்டம் ஒன்றில் அத்தனை பேரும் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிவிடுகிறார்கள். முதல்வர் முடித்து அரைமணி நேரம் கழித்தும் வீரர்கள் வந்துகொண்டிருப்பார்கள். மருத்துவரின் காரும் அணிக் கார்களும் எல்லாக் குழுக்களுக்கும் பின்னால் ஒரே நேரத்தில் ஓட முடியாது. பின்தங்கியவர்கள் மெதுவாக இறங்குவார்கள் என்று வெளியார் நினைக்கக் கூடும். அது தவறு. நேர வரம்பைத் தாண்டினால் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவார்கள் என்பதால், ஏற்றத்தில் இழந்த நிமிடங்களை அவர்கள் இறக்கத்தில்தான் மீட்டாக வேண்டும். பத்துப் பதினைந்து நாள் களைப்பு கைகளில் இறங்கியிருக்க, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டி, பார்வையாளரும் கேமராவும் இல்லாத வளைவுகளில் இறங்குகிறார்கள். அணிக் காரில் இருப்பவரோ தம் வீரர் முந்தைய குழுவில் இருக்கிறார் என்றோ பிந்தைய குழுவில் இருக்கிறார் என்றோ எண்ணிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் பின்னால், விலகியவர்களை ஏற்றிக்கொள்ள, 1910 முதல் டூரில் ஓடிவரும் துடைப்ப வண்டி வருகிறது. அது சாலையில் இருப்பவர்களைத்தான் ஏற்றும். அது கடந்தபின் சாலை திறக்கப்பட்டு வழக்கமான கார்கள் ஓடத் தொடங்கிவிடும். சாலைக்குக் கீழே கிடப்பவர் யார் கணக்கில் இருக்கிறார்?

1951 டூரில், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்திருந்த விம் வான் எஸ்ட், ஓபிஸ்க் கணவாயின் இறக்கத்தில் பள்ளத்தாக்குக்குள் விழுந்தார். டயர்களை ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கி அவரை மேலே இழுத்தார்கள். 2018 டூரின் 16ஆம் கட்டத்தில் பிலிப் ஜில்பேர், போர்டே தாஸ்பே இறக்கத்தில் கல்சுவரில் மோதி அதன் மறுபக்கம் போய் விழுந்தார்; எழுந்து, உடைந்த முழங்கால் சில்லோடு அன்றைய கட்டத்தையும் முடித்தார். இருவரும் விழுந்த கணமே உலகுக்குத் தெரிந்தது. ஒருவர் மஞ்சள் சட்டையில் இருந்தார். மற்றவர் கேமராவின் முன் தனியாக முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். அதே சுவரைத் தாண்டி, 140ஆம் இடத்தில் வரும் ஓர் உதவி வீரர், தம் அணியின் முதன்மை வீரருக்குத் தண்ணீர் சுமப்பதே வேலையாக உள்ளவர், விழுந்திருந்தால்? உயிர் காக்கும் ஏற்பாடு தரவரிசையைப் பார்த்து அமையக் கூடாது.

கருவி எல்லா உயிரையும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. 2023 டூர் டி சுவிஸில் அல்புலா கணவாயின் இறக்கத்தில் விழுந்த ஜீனோ மேடருக்கு அங்கேயே முதலுதவி கிடைத்தது. ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள், ஜூன் 16 அன்று, 26 வயதில் இறந்தார். 2021 ஸ்பெயின் சுற்றில், தாம் முந்திய ஒவ்வொரு வீரருக்கும் ஒரு யூரோ என்று சுற்றுச்சூழல் பணிக்குக் கொடுத்தவர் அவர். அந்த இறக்கத்துக்குப் பின் எல்லைக்கோட்டை வைத்தது சரியா என்ற கேள்வியை அப்போதைய உலகச் சாம்பியனே எழுப்பினார். பாதை வகுப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். ஆனால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போகும் நேரம் மட்டுமாவது இனி எவருக்கும் எமனாக வரக் கூடாது.

எதிர்ப்பு இருக்கிறது, பேச்சு நடக்கிறது, பொறுங்கள் என்று நீங்கள் சொல்லக் கூடும். தலைக்கவச வரலாற்றை நினைவுபடுத்த அனுமதியுங்கள். 1991இல் அதைக் கட்டாயமாக்க முயன்றீர்கள், பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் எதிர்த்தார்கள், பின்வாங்கினீர்கள். 1995 டூரில், மேலே சொன்ன அதே போர்டே தாஸ்பே இறக்கத்தில், ஒலிம்பிக் சாம்பியன் ஃபாபியோ கசார்தெல்லி தலைக்கவசமில்லாமல் விழுந்து 24 வயதில் இறந்தார். அதன்பிறகும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்திரே கிவிலெவ் தலையில் அடிபட்டு இறந்தார். இரண்டே மாதத்தில் தலைக்கவசம் கட்டாயமானது. இரண்டு மாதத்தில் செய்ய முடிந்ததற்கு 12 ஆண்டுகள் ஏன் காத்திருந்தோம்? அன்று எதிர்த்தவர்களில் எவரும் இன்று வெறுந்தலையோடு ஓட்டச் சொல்வதில்லை.

ஆகவேதான் 2025 ஆகஸ்டில் நடந்தது என்னை இவ்வளவு வருத்தியது. உங்கள் தலைமையகம் இருக்கும் அதே ரோமாண்டிப் பகுதியில், பெண்கள் ஓடும் டூர் டி ரோமாண்டியில், அணிக்கு ஒருவர் வீதம் கருவியைத் தாங்கிச் சோதிப்பது என்று முடிவானது. எந்த வீராங்கனை தாங்குவது, யார் பெயரைக் கொடுப்பது, பொருத்தும் பொறுப்பு எவருடையது என்ற தகராறில் ஐந்து அணிகள் தொடக்கக் கோட்டிலேயே விலக்கப்பட்டன. மாதக்கணக்கில் பயிற்சி செய்து வந்த பெண்கள் வண்டியை மறுபடி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். முரியல் ஃபுரர் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவர் இறந்த அதே நாட்டில், அவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராமல் தடுக்க வந்த கருவியை வைத்துக்கொண்டு பெரியவர்கள் அதிகாரப் போட்டி நடத்தினீர்கள். கூட்டமைப்பையும் அணி மேலாளர்களையும் ஒருசேரத்தான் சொல்கிறேன். பொறுத்தருளுங்கள், இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே கிகாலியில் நடந்த உலகப் போட்டியில் எல்லோரிடமும் கருவி இருந்தது. அதற்கு மனமார்ந்த நன்றி. முடியும் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டுவிட்டது. 2015 டூரிலேயே இருக்கைக்கு அடியில் கருவி பொருத்தி, யார் என்ன வேகத்தில் போகிறார் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். பார்ப்பவரின் ஆவலுக்காகப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்ய முடிந்ததை, ஓடுபவரின் உயிருக்காக ஒவ்வொரு பந்தயத்திலும் செய்ய ஏன் இத்தனை தயக்கம்? காலுறை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று விதி வகுத்து, அதை அளந்து பார்க்க நடுவர்களை நிறுத்துகிறீர்கள். வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று எடை போடுகிறீர்கள். பாதுகாப்பு விதிகளை மீறுவோருக்கு 2025 முதல் மஞ்சள் அட்டை கொடுக்கிறீர்கள். கைப்பிடியின் அகலத்துக்கும் அளவு வைத்திருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் காரணம் இருக்கலாம். ஆனால் ஒரு வீரரின் காலுறையைப் பற்றி இவ்வளவு அறிந்திருக்கும் அமைப்பு, அந்த வீரர் எந்த வளைவில் இருக்கிறார் என்பதை அறியாமல் இருப்பது நியாயமா?

செலவு ஒரு தடையாக இருக்கும் என்பதை அறிவேன். உள்ளூர்த் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கும் சிறிய பந்தயங்களால் இதைத் தனியாகத் தாங்க முடியாது. ஆனால் கேமராக்கள் மிகக் குறைவாக இருப்பதும், இளையவர்கள் மிக அதிகமாக ஓடுவதும் அங்கேதான். கூட்டமைப்பே கருவிகளை வாங்கி, ஒரு பந்தயம் முடிந்ததும் அடுத்ததற்கு அனுப்பும் இரவல் முறை ஒன்றை ஏற்படுத்தலாம். திரட்டப்படும் தரவு மீட்புப் பணிக்கு மட்டுமே, வேறெதற்கும் விற்கப்படாது என்று எழுத்தில் உறுதியளித்தால் அணிகளின் அச்சமும் பெருமளவு தணியும்.

மகள் அன்று வீடு திரும்பும் வழியில், நாம் அங்கே நிற்காவிட்டால் அந்த அண்ணாவை யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்டாள். உங்களைத்தான் பதிலுக்கு எதிர்பார்த்து நிற்கிறேன். ஆண்டுதோறும் ஜனவரியில் அடிலெய்டில் டூர் டவுன் அண்டருடன் உங்கள் உலகத் தொடர் தொடங்குகிறது. வரும் பருவத்தில் அங்கே எண் அட்டைகளை வழங்கும் மேசையிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு கருவியும் வழங்கப்பட ஆவன செய்யுமாறும், அதற்கான முடிவை அதற்கு முன்பே அறிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சாலையோரம் நின்று பார்க்கும் ஒருவர்