விதைநெல் ஆய்வுக்கான பணம் ஆடியில் கிடைக்கட்டும்

கொழும்பிலிருந்து விவசாய ஆய்வு நிதியைத் தீர்மானிக்கும் குழுக்களுக்கும், இறுதியாண்டு ஆய்வுகளை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

சிறு விவசாயிகள் தாமே எடுத்துவைக்கும் விதையின் தரத்தை மாணவர்கள் ஆராய முன்வரும்போது நீங்கள் முதலில் பார்ப்பது ஆய்வுக்கூட வசதியையும் செலவுப் பட்டியலையும். நாங்கள் கேட்பது நாட்காட்டியைப் பாருங்கள் என்றுதான்.

பணம் சித்திரையில் வந்தால் மாணவர் சித்திரையில்தான் மாதிரி எடுப்பார். பெரும்போக நெல் அப்போதுதான் அறுவடையாகி வீட்டுக்கு வந்திருக்கும். புதுநெல்லில் உறங்குநிலை இருக்கும். உயிருள்ள விதையே முளைக்காமல் கிடக்கும். 50 பாகை செல்சியஸில் சில நாள் உலர்வெப்பம் கொடுத்து உறங்குநிலையைக் கலைக்காமல் எண்ணினால், நல்ல விதை கெட்ட விதையாகப் பதிவாகும். கலைத்துவிட்டு எண்ணினாலோ எல்லாருடைய விதையும் நல்லதாகத் தெரியும், ஏனென்றால் சேமிப்பு இன்னும் தொடங்கவே இல்லை. மானாவாரிப் பகுதியில் அந்த நெல் புரட்டாதி, ஐப்பசி வரை உரப்பையில் கிடக்கப்போகிறது. முளைதிறன் இறங்குவது அந்த வெக்கை மாதங்களில். விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பு, விவசாயி தூற்றிப் புடைத்து விதைக்கென ஒதுக்கிய பையிலிருந்து எடுப்பதுதான் மாதிரி. உப்புநீரில் போட்டுச் சண்டு, அதாவது பதர், நீக்குபவர் என்றால், நீக்கிய பிறகு உள்ளதையே எடுக்க வேண்டும்.

ஒரு விவசாயியிடம் நான்கு பைக்கு மேல் இருப்பது அரிது. சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிப்படி, 100 கிலோ வரையான பைகள் நான்கு வரை இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். மேல்வாயில் கைவிட்டு அள்ளினால் போதாது. நிலத்தோடு ஒட்டிய அடிப்பகுதிதான் ஈரம் இழுக்கும். எடுத்த அளவுக்கு நல்ல நெல்லைத் திருப்பிக் கொடுங்கள். “பரிசோதனை” என்று அறிவித்துவிட்டுப் போனால் விவசாயி தன் ஆகச் சிறந்த பையைத்தான் காட்டுவார், யாராயிருந்தாலும் அப்படித்தான்.

ஈரப்பதனுக்கான மாதிரி தனி. மட்டக்களப்பில் கடதாசி உறையில் போட்டுக் கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டுவந்தால், அளப்பது கொழும்புக் காற்றைத்தான். சார் ஈரப்பதன் 75 வீதமுள்ள காற்றில் நெல் 14 வீதத்தை நெருங்கிவிடும், அங்கே 12 வீதத்துக்குக் காயவைத்திருந்தாலும். விதை வாயளவு நிரம்பிய, காற்றுப் புகாத பையை அங்கேயே மூடி ஒட்ட வேண்டும். அரைத்த நெல்லை 130 பாகையில் இரண்டு மணிநேரம் வைத்து, ஈர எடையை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட வேண்டும். கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) 130 பாகை ஆகாது, எண்ணெய் விதை. 103 பாகையில் 17 மணிநேரம்.

முளைத்தல் பரிசோதனைக்கு 400 விதை, நூறு நூறாக நான்கு தட்டு. நூறு விதையோடு நிறுத்தினால், 85 வீதம் என்று வரும் முடிவில் மேலும் கீழும் ஏழு வீதம் ஆடும்; நானூறில் அது மூன்றரையாகக் குறையும். சராசரி 90 வீதமாக இருக்கும்போது தட்டுகளுக்கிடையே 12க்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்பச் செய்ய வேண்டும். நெல்லை 5ஆம் நாளும் 14ஆம் நாளும் எண்ணுவது முறை. முளைவேர் இரண்டு மில்லிமீற்றர் எட்டிப் பார்த்ததும் “முளைத்தது” என்று குறிப்பது மாணவர்களிடம் அதிகம் காணும் பிழை. வேரும் தண்டும் ஒழுங்காக வளர்ந்த இயல்பான நாற்றை மட்டுமே கணக்கில் எடுக்கலாம். அறுவடை மெசினில் அடிபட்ட விதை முளைக்கத்தான் செய்யும். நாற்று முடமாக நிற்கும். முளைக்காமல் உறுதியாக இருப்பவற்றை, உயிருள்ள பகுதியைச் சிவப்பாக்கும் டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தால் செத்ததா உறங்குகிறதா என்று தெரியும்.

புள்ளிவிவரத்தில் நடப்பது இதைவிடப் பெரிய பிழை. ஐந்து விவசாயிகள், ஆளுக்கு நான்கு தட்டு, மொத்தம் 20 தரவு என்று எழுதுகிறார்கள். இல்லை, ஐந்துதான். தட்டுகள் ஆய்வுக்கூடத்தின் துல்லியத்தைச் சொல்லும். விவசாயிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லாது. முப்பது விவசாயிகள் என்றால் 12,000 விதை எண்ண வேண்டும், ஒரு மாணவருக்கு அது பெரிய வேலைதான். அதனால் பயிரையும் மாவட்டத்தையும் ஒன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்கான தரச்சான்று விதையையும் விவசாயி வாங்கும் கடையிலேயே வாங்க வேண்டும். குளிரூட்டிய களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்து வைத்தால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது.

முடிவு விவசாயிக்கு எப்போது போகிறது என்பதையும் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். ஏக்கருக்கு இரண்டு புசல் (நெல் அளக்கும் அளவு), 85 வீத முளைதிறன் என்று கணக்கு வைத்தால், 60 வீதமுள்ள விதைக்கு இரண்டே முக்காலுக்கு மேல் வேண்டும். அந்த எண் விதைப்புக்கு முன்பே கையில் இருந்தால், கூட்டிப் போடுவதா வேறு விதை வாங்குவதா என்று அவர் தீர்மானிப்பார். தெரியாததால்தான் பலர் பயத்தில் அள்ளி வீசுகிறார்கள். அடுத்த வருடம் சிங்கள, ஆங்கில அறிக்கையாக வருவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே முதல் தவணை ஆடி மாதத்துக்குள் மாணவர் கையில் இருக்கட்டும். ஆவணியில் மாதிரி, 14 நாள் பரிசோதனை, புரட்டாதி பிறக்க முன் ஒவ்வொரு விவசாயிக்கும் தமிழில் ஒரு துண்டுச் சீட்டு: ஈரப்பதன், முளைதிறன், ஏக்கருக்கு எத்தனை புசல். அந்தச் சீட்டுகளின் பிரதி வந்த பிறகு இரண்டாம் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
விதைப் பரிசோதனையில் ஈடுபடுவோர் சிலர்
கொழும்பு