மருத்துவர்களுக்கு நம் நன்றிக் கடிதங்கள்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸின் பாம்ப்ளமூஸில் உள்ள சர் சிவசாகர் ராம்குலாம் தேசிய மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் தேறிய நம் குழுவினர் பலர், தங்களைக் கவனித்த மருத்துவர்களுக்கு நன்றி தெரிவிக்க விரும்புவதால், கடிதங்களைத் திரட்டி மருத்துவமனை நிர்வாகத்திடம் ஒன்றாகச் சேர்ப்பிக்க முடிவு செய்துள்ளோம்.

"மிக்க நன்றி" என்று மட்டும் எழுதாமல், அந்த மருத்துவர் உங்களுக்குச் செய்தது என்ன என்பதை எழுதுங்கள். என் தாயாருக்கு மாரடைப்பு வந்தபோது, ஓர் இளம் மருத்துவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, தாளின் பின்புறம் இதயத்தை வரைந்து, அடைப்பு எங்கே இருக்கிறது, அதை எப்படி நீக்கப் போகிறார்கள் என்று கிரியோல் மொழியில் பொறுமையாக விளக்கினார். அதன் பிறகுதான் அம்மா மனமார ஒப்புக்கொண்டார். கைத்திறனோடு அந்தப் பொறுமையும் சேர்ந்ததால்தான் அவர் பிழைத்தார் என்று உறுதியாக நம்புகிறேன்.

தைப்பூசக் காவடி நாளிலும் பணியில் இருந்த தாதியரையும் மறவாதீர்கள்.

அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை நமக்கு இலவசம் என்பதால், பரிசுப் பொருள்கள் வேண்டாம்; தமிழ், பிரெஞ்சு, கிரியோல் எதில் எழுதினாலும் சரி. நோய் விவரங்களைக் குழுவில் பகிராமல், கடிதத்தை உறையிலிட்டு வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.