வெள்ளைச் சுவர் சாம்பலாவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவுக்குப் போய்வரும் நம்மூர்க்காரர்களின் படங்கள் பலவற்றில் வெள்ளைச் சுவர்கள் அழுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும். வெள்ளையைக் கண்டால் ஒளியைக் குறைத்துவிடும். அதைச் சரிக்கட்ட, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வையுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் சுண்ணாம்புப் பூச்சின் சொரசொரப்பே காணாமல் போகும், அந்தச் சுவருக்கு அழகே அதுதான். அகலமான காட்சியைப் பிடிக்கும் வைடு ஆங்கிள் லென்ஸில் போலரைசர் (வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர்) வேண்டாம், வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் விழும். உப்புக்காற்று படிந்த லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். ஊதிவிட்டு, லென்ஸ் திரவத்தில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். கிளம்புமுன் திருமலை நாயக்கர் மகாலின் வெளிர்நிறச் சுதைத் தூண்களை முற்பகல் வெயிலில் காம்பன்சேஷனை 0, +0.7, +1 என மாற்றி எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை