உப்பு வெளிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

ஆகஸ்டில் நீ நண்பர்களோடு ஸ்பீட் வீக் என்ற வேகச் சாதனை ஓட்டங்களைப் பார்க்கப் பானவில் உப்பு வெளிக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் நீ கேட்டாயே, "பரிசுப் பணம்கூடக் கிடையாதாமே, அப்புறம் எதுக்குப்பா அத்தனை பேர் வர்றாங்க?" என்று. அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் நான் லேத்து வேலை பார்த்தது நீ பிறப்பதற்கு முன்பு. அங்கிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் போனால் வெண்டோவர் ஊர் வரும். ஊரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வலது பக்கம் ஒரு சாலை பிரியும். கொஞ்ச தூரம் போனதும் தார் அப்படியே நின்றுவிடும். அதற்கப்புறம் உப்புதான். பனி யுகத்தில் இருந்த பானவில் ஏரி வற்றி மிஞ்சிய உப்பு அது. தூத்துக்குடி உப்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. அங்கே இருக்கும் பாத்தியும் வரப்பும் இங்கே கிடையாது. குளிர்காலத்தில் தண்ணீர் தானாகத் தேங்கும், கோடையில் தானாக வற்றும், மேலே புதிதாக ஒரு உப்புத் தோல் படியும். காலால் தட்டினால் கெட்டியாக இருக்கும்; நகத்தால் கீறினால் அடியில் ஈரம் தெரியும். அந்த ஈரம்தான் டயரைச் சூடேற விடாமல் காப்பாற்றுகிறது. ஆனால் தார்ச் சாலையில் கிடைக்கும் பிடிமானம் கிடைக்காது. ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. போதாக்குறைக்கு 4,200 அடி உயரம். காற்று மெலிந்திருப்பதால் வண்டியைத் தடுப்பதும் குறைவு, எஞ்சினுக்குள் போவதும் குறைவு.

மால்கம் கேம்பெல் 1935இல் புளோரிடாவின் டேடோனா கடற்கரையை விட்டுவிட்டு இங்கே வந்து மணிக்கு 301 மைலில் ஓட்டினார். 300ஐத் தாண்டிய முதல் கார் அதுதான். உள்ளூர்க்காரரான ஆப் ஜென்கின்ஸ் சால்ட் லேக் சிட்டி மேயராக இருந்துகொண்டே 1940இல் 24 மணி நேரம் ஓடி, சராசரி 161 மைல் எடுத்தார். ஐம்பது வருஷம் அதை யாரும் அசைக்கவில்லை. இதெல்லாம் பெரிய ஆட்களின் கதை. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. கலிஃபோர்னியாவில் வறண்ட ஏரிகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள், சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற தங்கள் சங்கத்தின் பெயரில் 1949 ஆகஸ்டில் முதல் ஸ்பீட் வீக்கை இங்கே நடத்தினார்கள். போர் விமானங்களின் வயிற்றுக்கடியில் தொங்கிய எரிபொருள் டேங்குகள் போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்தன. அதை வாங்கி, உள்ளே எஞ்சினை வைத்து, ஆளும் உட்கார்ந்து ஓட்டினார்கள். இன்றைக்கும் அந்த வகை வண்டிகள் ஓடுகின்றன. போனால் கட்டாயம் பார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அங்கே ஒரு விதி இருக்கிறது. ஒரு தடவை ஓடினால் சாதனை ஆகாது. உலகச் சாதனை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்ப ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. ஸ்பீட் வீக்கில் முதல் நாள் பழைய சாதனையை மிஞ்சினால் வண்டியைத் தனியாக ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார்கள். இம்பவுண்ட் என்பார்கள். நாலு மணி நேரம்தான் கை வைக்கலாம். மறுநாள் காலையில் இன்னொரு தடவை ஓட வேண்டும். எந்த விளையாட்டிலும் இதைவிட நியாயமான விதியை நான் பார்த்ததில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளினாலும் சரி, அதிர்ஷ்டம் தள்ளினாலும் சரி, இரண்டாவது ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

1960இல் மிக்கி தாம்சன் நாலு போன்டியாக் எஞ்சின் வைத்துத் தானே கட்டிய வண்டியில் 406 மைலைத் தொட்டார். அன்றைக்கு இருந்த சாதனை, 1947இல் ஜான் காப் வைத்த 394. ஆனால் திரும்பி வரும்போது வண்டி பழுதாகி நின்றது. அவ்வளவுதான், கணக்கில் ஏறவில்லை. 1964இல் கிரேக் பிரீட்லவ் திரும்பும் ஓட்டத்தில் அளவுக்கோட்டைத் தாண்டிய பிறகு பாராசூட்டுகளை இழந்தார். பிரேக்கும் எரிந்துபோனது. தந்திக் கம்பங்களுக்கிடையே புகுந்து, மேடு ஏறிப் பறந்து, உப்புத் தண்ணீர்க் குட்டையில் விழுந்து, நீந்திக் கரையேறினார். இரண்டு ஓட்டமும் முடிந்திருந்ததால் 526 மைல் சாதனை அவருக்குக் கிடைத்தது.

பர்ட் மன்ரோவைப் பற்றி நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய், மறந்திருப்பாய். நியூசிலாந்தின் இன்வர்கார்கில்காரர். 1920இல் தயாரான இந்தியன் ஸ்கவுட் பைக், வாங்கும்போது 55 மைல்தான் போகும். அதை வாழ்நாள் முழுக்கத் தன் கொட்டகையில் வைத்து இழைத்துக்கொண்டே இருந்தார். பழைய தகர டப்பாவை அச்சாக வைத்துப் பிஸ்டன் வார்த்தார். உடைந்துபோன பாகங்களை ஓர் அலமாரியில் அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்தார். 1967இல், 68 வயதில், தகுதிக்காக ஓடியபோது ஒரு திசையில் மட்டும் 190 மைல் எடுத்தார். சாதனைப் புத்தகத்தில் நிற்பது 184தான். நான் லேத்தில் நின்ற ஆள் என்பதால் சொல்கிறேன், டப்பாவில் வார்த்த பிஸ்டன் அந்த வேகத்தைத் தாங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் குழுவின் வண்டி இவ்வளவு பெரியதில்லை. என்னோடு வேலை பார்த்த பெரியவருடையது. ரோட்ஸ்டர் என்ற கூரையில்லாத 1929 ஃபோர்டு காரின் உடம்பு, உள்ளே ஃபோர்டின் பழைய ஃப்ளாட்ஹெட் வி8. அதில் வால்வெல்லாம் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் வெறும் மூடி மாதிரிதான். புகை பிளாக்குக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும், அதனால் சீக்கிரம் சூடேறும். அவருக்கு வால்வுத் தண்டு ஆடாமல் பிடிக்கும் வால்வு கைடு கடைந்து கொடுத்ததால் எனக்கும் குழுவில் இடம் கிடைத்தது. என் வேலை, பின்னாலிருந்து தள்ளும் லாரியில் உட்கார்ந்திருப்பது. அந்த வண்டியின் கியர் அதிவேகத்துக்கென்றே வைத்தது, தானாகக் கிளம்பத் திணறும். பம்பரோடு பம்பர் வைத்துத் தள்ளிக்கொண்டே போவோம். அவர் கையைத் தூக்கியதும் நாங்கள் ஒதுங்குவோம். கொஞ்ச நேரத்தில் வண்டி புள்ளியாகிவிடும், சத்தம் மட்டும் பின்தங்கி வந்துகொண்டிருக்கும். அப்புறம் பக்கப் பாதையில் விரட்டிப் போய் அவரைப் பிடிப்போம்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் வேகம் எவ்வளவு என்று அவர் கேட்க மாட்டார். முதலில் எஞ்சினின் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒரு துணியில் வரிசை மாறாமல் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வெள்ளைப் பீங்கான் மேல் லேசான பழுப்பு இருந்தால் எரிபொருள் சரி. வெளுத்துப்போயிருந்தால் எரிபொருள் போதவில்லை. மிளகைவிடச் சின்னதாகப் பளபளவென்று ஒரு பொட்டு ஒட்டியிருந்தால், பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் சக்கரத்தின் மேல்வளைவில் அப்பிய உப்பு இறுகிவிடும், நாங்கள் உளி வைத்துப் பெயர்த்துக்கொண்டிருப்போம்.

வண்டிகளை எஞ்சினையும் உடம்பையும் வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். ஒரு வருஷம் முதல் ஓட்டத்தில் அவர் தன் வகுப்பின் சாதனையைத் தாண்டினார். இம்பவுண்டில் வண்டியை விட்டுவிட்டு வந்து யாரும் தூங்கவில்லை. விடிகாலையில் எஞ்சினைச் சூடேற்றியதும் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டியது. பிளக்கைக் கழட்டினால் தண்ணீர். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை பிளாக்கில் விரிசல். ஃப்ளாட்ஹெட்டுக்கு வழக்கமான நோய் இது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்களிடம் மிச்சமிருந்த புது ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்பை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி எஞ்சினோடு அதே வகுப்பில் ஓடிய பக்கத்துக் குழுவிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அவங்க ஓடட்டும். எவ்வளவு ஓடினாங்கன்னு தெரிஞ்சாத்தானே அடுத்த வருஷம் நாம அதுக்கு மேல கட்ட முடியும்?" என்றார். பணம் இல்லாமல் ஏன் வருகிறார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அறுக்கிறது. உப்பு மெலிந்துவிட்டது. பக்கத்தில் உரத்துக்கான பொட்டாஷ் உப்பு எடுப்பதற்காகப் பல பத்தாண்டுகளாக உப்புநீரை வடித்திருக்கிறார்கள். 1997லிருந்து சில வருஷம் உப்புநீரைத் திருப்பி விட்டும் பார்த்தார்கள். மழைத் தண்ணீரும் மோசமான தரையுமாக 2014, 2015 இரண்டு வருஷமும் ஸ்பீட் வீக் நடக்கவில்லை. 2022லும் வெள்ளம். 1970இல் புளூ ஃபிளேம் என்ற ராக்கெட் வண்டி 622 மைலில் ஓடிய இடம் அது. அதற்கப்புறம் ஒட்டுமொத்த உலகச் சாதனை எதுவும் அங்கே நடக்கவில்லை. நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்குப் போய்விட்டது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில் இவ்வளவு தாமதம் கூடாது. நீ இந்த வருஷமே போவதில் எனக்கு அதனால்தான் இவ்வளவு சந்தோஷம்.

சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும் பூசு. வெயில் கீழிருந்தும் அடிக்கும். தோல் செருப்பு வேண்டாம். பார்வையாளர்களை ஓடுபாதையிலிருந்து தள்ளித்தான் நிறுத்துவார்கள், பைனாகுலர் எடுத்துக்கொள். ஒரு நாளாவது விடிவதற்கு முன்னால் எழுந்து, சாதனைக்காக ஓடுகிறவர்கள் கிளம்பும் இடத்துக்குப் போ. யாராவது ஃப்ளாட்ஹெட் வண்டி வைத்திருந்தால் கூச்சப்படாமல் கேள், திறந்து காட்டுவார்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உன் காரின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிவிடு, இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும்.

படம் அனுப்ப வேண்டாம், என்னிடம் நிறைய இருக்கிறது. ஒரு ஃப்ளாட்ஹெட் கிளம்பிப் போகும் சத்தத்தை மட்டும் போனில் பதிவு பண்ணி அனுப்பு, தங்கம். நடுவில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா
கோயம்புத்தூர்