மேசையும் பேட்டும் வாங்கும் முன்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், குடும்பத்தோடு பீட்டர்மரிட்ஸ்பர்க் வந்துவிடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. காவடிக்குக் கோயிலுக்கு வந்திருந்தார்கள், உன்னைத்தான் விசாரித்தார்கள்.

கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் தொடங்கப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன வாங்குவது, எதை முதலில் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய்.

இருக்கிற பணத்தை மேசையில் போடு. நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், உயரம் 76 செ.மீ., வலையின் உயரம் 15.25 செ.மீ. போட்டிக்கான மேசை எல்லாவற்றுக்கும் இதே அளவுதான். நீ பார்க்க வேண்டியது துள்ளல். 30 செ.மீ. மேலிருந்து பந்தை விட்டால் ஏறக்குறைய 23 செ.மீ. எழும்ப வேண்டும், நடுவிலும் மூலையிலும் ஒரே மாதிரி. பழைய மேசை மலிவாக வந்தால் ஒரு ஸ்கேலையும் பந்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார். மூலையில் பந்து எழும்பாத மேசையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

பேட்டுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். வேகமான ரப்பர் ஒட்டிய பேட்டைச் சின்னப் பிள்ளை கையில் கொடுத்தால் பந்து சுவருக்குப் போகும், பிள்ளை அழும். விதி என்ன என்பதை மட்டும் தெரிந்துகொள். பேட்டின் பலகையில் 85 சதவீதமாவது இயற்கையான மரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ரப்பரும் அதன் அடியில் உள்ள ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து 4 மி.மீ. தாண்டக்கூடாது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளிச்சென்ற வேறு நிறம். நமக்குத் தெரிந்தது சிவப்பு. 2021-லிருந்து பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன.

இந்த நிற விதி எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல். 1980-களின் தொடக்கத்தில் சிலர் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் ரப்பர் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். ஒரு பக்கத்து ரப்பர் பந்தை நன்றாகச் சுழற்றும், மறுபக்கத்து ரப்பரில் சுழற்சியே ஏறாது. கைக்குள்ளேயே பேட்டைத் திருப்பித் திருப்பி அடிப்பார்கள். எந்தப் பக்கம் பட்டது என்று எதிராளிக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இரண்டு நிறம். ஆட்டத்துக்கு முன் பேட்டை எதிராளியிடம் காட்டுவதும் விதிதான். முதல் நாளிலிருந்தே அதைப் பழக்கு.

சர்வீஸும், அதாவது பந்தை முதலில் அடித்துத் தொடங்குவதும், அப்படித்தான். பந்து விரித்த உள்ளங்கையில் இருக்க வேண்டும். மேசை மட்டத்துக்கு மேலே, மேசையின் கடைக்கோட்டுக்குப் பின்னால் பந்தை வைத்து, செங்குத்தாக 16 செ.மீ.யாவது மேலே போட்டு, இறங்கும்போது அடிக்க வேண்டும். 2002-லிருந்து கையோ உடம்போ உடுப்போ பந்தை மறைக்கக்கூடாது. பல இடங்களில் இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கையிலிருந்து நேரே தட்டிப் பழகிய பிள்ளை, போட்டியில் அம்பயர் கண்டிக்கும்போது திகைத்துப்போய் நிற்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. பந்து எப்படி வருகிறது என்று பார்க்கும் உரிமை எதிரே நிற்பவனுக்கு உண்டு. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மற்ற விதிகள் தானாக வரும்.

மற்றவை சுலபம். நாம் ஆடிய 21 புள்ளி ஆட்டம் 2001-இல் போய்விட்டது. இப்போது 11, ஆளுக்கு இரண்டு சர்வீஸ், 10-10 ஆனால் ஒவ்வொன்று, இரண்டு புள்ளி முந்தினால் வெற்றி. சும்மா இருக்கும் கை மேசைப் பரப்பில் பட்டால் புள்ளி போச்சு, இதைப் பிள்ளைகள் அடிக்கடி மறப்பார்கள். பந்து 40 மி.மீ., 2.7 கிராம், இப்போது செல்லுலாய்டு இல்லை, பிளாஸ்டிக். பயிற்சிக்கு மலிவான பந்தே போதும்.

2023-இல் உலகப் போட்டி நம் டர்பனிலேயே நடந்ததே! 1939-இல் கெய்ரோவுக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் அதுதான். சீனாவின் ஃபேன் செண்டோங்கும் சுன் யிங்ஷாவும் ஒற்றையர் பட்டம் வென்றார்கள். ஆனால் உன் பிள்ளைகளுக்கு அதற்கும் முந்தைய கதை தெரிய வேண்டும். 1956-இல் உலக டேபிள் டென்னிஸ் சம்மேளனம் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் மட்டுமே இருந்த சங்கத்தை விலக்கிவிட்டு, நிறபேதம் பார்க்காத நம் சங்கத்தை அங்கீகரித்தது. மறு வருஷம் நம்மவர்கள் ஸ்டாக்ஹோம் உலகப் போட்டிக்குப் போய் ஆடினார்கள். அதற்குப் பிறகு வெள்ளையர் அரசாங்கம் அவர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மறுத்தது. நம் அப்பாக்களின் தலைமுறையில் எத்தனை நல்ல கைகள் மண்டபங்களுக்குள்ளேயே ஆடி முடிந்துவிட்டன! அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ தொடங்குவதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று இப்போது உனக்குப் புரியும்.

மண்டபத்தின் நீள அகலத்தை அளந்து எழுது. மேசைக்குப் பின்னால் ஓடி அடிக்க இடம் வேண்டும், தரை வழுக்கக்கூடாது, ஜன்னல் வெயில் ஆடுபவரின் கண்ணில் அடிக்கக்கூடாது. எத்தனை மேசை போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய இரட்டையர் ஜோடி