‘லிங்க் அனுப்புங்க’ என்று கேட்கும் முன்: ஆவணப்படம் திரையிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படச் சங்கங்களுக்கும், கல்லூரி விஸ்காம் துறைகளுக்கும், ஊருக்கு ஊர் சிறு விழா எடுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு புதிய ஆவணப்படம் வெளிநாட்டு விழாவில் விருது வாங்கியது என்று செய்தி வந்த மறுநாளே இயக்குநருக்கு உங்கள் கடிதம் போய்விடுகிறது. "சார், எங்க ஊர்ல போடணும், லிங்க் அனுப்புங்க." பதில் வராது. திமிர் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். பெரும்பாலும் அப்படியில்லை. அந்த நேரத்தில் படம் இயக்குநர் கையிலேயே இருக்காது.

ஷௌனக் சென்னின் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ படத்தையே பாருங்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழா, மே மாதம் கான் விழா, 2023 ஜனவரியில் ஆஸ்கர் பரிந்துரை. முழுதாக ஓராண்டு. ஒரு படம் ஜனவரியில் கிளம்பினால் மார்ச்சில் கோபன்ஹேகன், ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் நியோன், அதையொட்டி டொராண்டோவின் ஹாட் டாக்ஸ், ஜூனில் ஷெஃபீல்ட், நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் என்று விழா விழாவாகச் சுற்றும். உலகப் பிரீமியர் (முதல் திரையிடல்), ஆசியப் பிரீமியர், இந்தியப் பிரீமியர் என்று ஒவ்வொன்றுக்கும் விழாக்களுக்குள் போட்டி உண்டு. உங்கள் ஊரில் நாற்பது பேர் பார்த்த திரையிடலின் போஸ்டர் முகநூலில் ஏறினால், இந்தியப் பிரீமியர் போய்விட்டது என்று இன்னொரு விழா படத்தைக் கழற்றிவிடலாம். ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இந்தியப் பிரீமியர் முடிந்துவிட்டதா? எந்த மாதத்துக்குப் பிறகு கேட்கலாம்?" இதற்குப் பதில் வரும்.

அடுத்து, உரிமை யாரிடம்? விற்பனை முகவரிடமா, பணம் போட்ட தொலைக்காட்சியிடமா, ஓடிடியிடமா என்று கேளுங்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பணத்தில் எடுத்த படங்களுக்கு 52 நிமிட வடிவம் ஒன்றும் முழுநீள வடிவம் ஒன்றும் இருப்பது சகஜம். எது வேண்டும் என்று எழுதாவிட்டால் குறுக்கிய வடிவம் வந்து சேரும். கடிதத்தில் தேதி, அரங்கு, இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் உண்டா, எத்தனை காட்சி, எந்த வடிவில் ஓட்டுவீர்கள், கலந்துரையாடல் உண்டா என்பதை எல்லாம் ஒரே பத்தியில் சொல்லிவிடுங்கள். கட்டணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் ஒரு காட்சிக்குச் சில நூறு யூரோ கேட்பது வழக்கம். 60 இருக்கை, இலவச அனுமதி என்று விவரம் சொன்னால் குறைப்பவர்களும் உண்டு. பூவுக்கும் பொன்னாடைக்கும் செலவு இருக்கிறது, படத்துக்கு இல்லை என்பது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். பொதுத் திரையிடலுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழா என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்கலாம். படப் பட்டியலும் கதைச்சுருக்கமும் கொடுக்க வேண்டும், பார்வையாளர்கள் முன்பதிவு செய்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். வாசலில் வந்தவரை எல்லாம் உள்ளே விட்டால் விலக்கின் பொருளே போய்விடும். விலக்கு கேட்டால் கிடைத்துவிடும் என்றும் இருக்காதீர்கள். 2017-இல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு மறுத்தார்கள். சான்றிதழ் சண்டையின் தொடர்ச்சியாகத்தான் 2004-இல் மும்பையில் ‘விகல்ப்’ என்ற மாற்று ஆவணப்பட விழா பிறந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றுப் படத்தை வைத்துக்கொண்டே விண்ணப்பியுங்கள்.

இனி, நாங்கள் உண்மையில் புலம்ப வந்த இடம்.

தேர்வுக்காக அனுப்பும் ஸ்கிரீனரைத் திரையில் ஓட்டாதீர்கள். அது நீங்கள் பார்த்து முடிவெடுப்பதற்கான பிரதி. நசுக்கிய கோப்பு, மூலையில் வாட்டர்மார்க், சில சமயம் வண்ணம் திருத்தாத, ஒலி முடியாத நகல். அதைப் பதினைந்தடித் திரையில் போட்டுவிட்டு "படம் கொஞ்சம் மங்கல்" என்று விமர்சனம் எழுதுகிறார்கள்.

தியேட்டரில் போடுவதானால் டிசிபி, அதாவது தியேட்டர் சர்வரில் ஏற்றி ஓட்டும் படத் தொகுப்பு, கேளுங்கள். 2கே டிசிபியின் உச்ச வேகம் நொடிக்கு 250 மெகாபிட். அப்படியானால் 90 நிமிடப் படம் கிட்டத்தட்ட 170 ஜிபி வரை போகலாம். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஏழரை மணி நேரம். காட்சி நாள் காலையில் இறக்க உட்காராதீர்கள். ஹார்ட் டிஸ்கில் வந்தால் அது பெரும்பாலும் லினக்ஸ் வடிவத்தில் இருக்கும். விண்டோஸ் கணினியில் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் கதை முடிந்தது. தியேட்டரில் இருப்பது டிசிபி தரத்தில் சேராத பழைய இ-சினிமா சர்வர் என்றால் டிசிபி ஓடாமலே போகலாம், ஆபரேட்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். பூட்டிய படமாக இருந்தால் அதைத் திறக்கும் சிறு கோப்பான கேடிஎம் சாவி தேவை. அது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும். கூட்டம் குறைவு என்று கடைசி நிமிடத்தில் ஸ்கிரீன் 2-இலிருந்து 4-க்கு மாற்றினால் சாவி திறக்காது. ஒத்திகைக்கும் சேர்த்து இரண்டு நாள் முன்பிருந்தே செல்லுபடியாகும்படி வாங்குங்கள்.

கல்லூரி அரங்கும் லேப்டாப்பும்தான் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்ய வழி உண்டு. 1080 வரி, குறைந்தது 20 எம்பிபிஎஸ் வேகத்தில் எச்.264 முறையில் சுருக்கிய வீடியோ கோப்பு கேளுங்கள். 90 நிமிடத்துக்கு 13.5 ஜிபி வரும். ஃபேட்32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். படம் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் லேப்டாப் திரையின் புதுப்பிப்பு வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 60-இல் விட்டால் கேமரா நகரும் ஷாட்களில் எல்லாம் படம் திக்கித் திக்கி ஓடும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் புரொஜெக்டரைத் திட்டாதீர்கள், கறுப்பு வெள்ளை அளவைத் தீர்மானிக்கும் எச்டிஎம்ஐ ரேஞ்ச் அமைப்பு லேப்டாப்பிலும் புரொஜெக்டரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து மீட்டருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தால் படம் விட்டு விட்டு வரும், ஆப்டிகல் கேபிள் வாடகைக்கு எடுங்கள்.

ஒலிதான் அதிகம் கெடுவது. ஆறு சேனல் கொண்ட 5.1 கலவையில் பேச்சு பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். அந்தக் கோப்பை இரண்டு ஸ்பீக்கரில் ஓட்டும்போது பிளேயர் நடு சேனலை இடம் வலமாகக் கலந்து கொடுக்காவிட்டால் காற்றும் பறவையும் பிரமாதமாகக் கேட்கும், பேசுகிறவர் குரல் மட்டும் வராது. லேப்டாப் அரங்குக்கு என்று சொல்லி ஸ்டீரியோ கோப்பையே தனியாகக் கேட்டு வாங்குங்கள். தியேட்டரில் வேறு சிக்கல். சினிமா ஒலிக்கலவை, தியேட்டரின் ஒலி அளவுக் குமிழான ஃபேடர் 7-இல் இருப்பதாக வைத்துச் செய்யப்படுகிறது. சண்டைப் படத்துக்குக் காது வலிக்கிறது என்று 4-இல் இறக்கி வைத்ததை ஆபரேட்டர் அப்படியே விட்டிருப்பார். சமையலறையில் மெதுவாகப் பேசும் ஒரு பாட்டி அந்த அளவில் உதடு அசைப்பது மட்டும்தான் தெரியும். படத்திலேயே மிக மெல்லிய பேச்சு வரும் இடத்தை இயக்குநரிடம் கேட்டு, ஒத்திகையில் அதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். அரங்கு நிறைந்தால் ஒலியை உடம்புகள் உறிஞ்சும், இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

தமிழ் சப்டைட்டில் போட நினைப்பவர்களுக்குக் கைகூப்பி ஒரு வணக்கம், கூடவே ஓர் எச்சரிக்கை. டிசிபியில் எழுத்தாக ஏற்றும் சப்டைட்டிலைப் பல சர்வர்கள் தமிழில் சரியாகக் கோக்காது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி தனியே நிற்கும். எழுத்தை இமேஜ் கோப்பாக மாற்றி ஏற்றச் சொல்லுங்கள், அல்லது காட்சியிலேயே பதித்துவிடச் சொல்லுங்கள். லேப்டாப் என்றால் எஸ்ஆர்டி எனும் சப்டைட்டில் கோப்பைத் தமிழ் எழுத்து சிதறாத யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். படம் 24-இலிருந்து 25 ஃபிரேமுக்கு மாறியிருந்தால் 90 நிமிடம் 86 நிமிடம் 24 நொடியாகச் சுருங்கும். பழைய சப்டைட்டில் கோப்பு தொடக்கத்தில் சரியாக நின்று, முடிவில் மூன்றரை நிமிடம் பின்தங்கும். முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்து ‘ஓகே’ சொல்பவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆங்கிலத்தை அப்படியே பெயர்க்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், இரண்டு வரிக்குள் அடங்காது. பேச்சைச் சுருக்குங்கள். கீழே 40 பேர் தலை மறைக்காத உயரத்தில் எழுத்து வருகிறதா என்றும் பாருங்கள்.

படத்தில் வருபவர்கள் நடிகர்கள் அல்லர். அரங்கில் போனில் பதிவெடுத்து யூடியூபில் ஏற்றிய ஒரு துண்டு, ஊரில் ஒருவருக்கு வேலையையோ வீட்டையோ பறிக்கலாம். பதிவெடுக்கக் கூடாது என்பதைப் படம் தொடங்கும் முன் மைக்கில் சொல்லுங்கள். கலந்துரையாடலைப் பதிவு செய்வதானால் இயக்குநரிடம் தனியாக அனுமதி வாங்குங்கள். சிறப்பு விருந்தினர் உரையைப் படம் முடிந்த பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் 90 நிமிடப் படத்தில் கடைசி இருபது நிமிடத்தை நிறுத்த வேண்டி வருவதும் உண்டு.

காட்சி முடிந்த மறுநாள் கோப்பை அழியுங்கள், டிஸ்கைத் திருப்பி அனுப்புங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கேள்வி அதிகம் வந்தது, ஒலி எந்த அளவில் ஓடியது என்று நான்கு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த படத்துக்கு நீங்கள் கடிதம் எழுதும்போது அவர்கள் தேடி எடுத்துப் பார்ப்பது அந்த நான்கு வரியைத்தான்.

இப்படிக்கு,
படத்தொகுப்பு, ஒலி, சப்டைட்டில், புரொஜெக்‌ஷன் வேலை பார்க்கும் சிலர்