நாகஸ்வரம் புல்லாங்குழல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைக்கருவிகள் கட்டுரையில் 'நாகஸ்வரம், புல்லாங்குழலைப் போன்ற பெரிய குழல்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் துளைக்கருவி என்பது சரி. உறவு அதோடு முடிந்தது. புல்லாங்குழலில் காற்று துளை விளிம்பில் மோதி ஒலியாகிறது. நாகஸ்வரத்தில் ஒலி பிறப்பது சீவாளியில். நாணலைப் பதப்படுத்திக் கட்டிய அந்தச் சீவாளியின் இரண்டு இதழ்களும் அதிர்ந்தால்தான் நாதம். கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் அதைச் செருகி ஊத, ஒலி உலவு என்ற மரக்குழலுக்குள் இறங்கி, அடியில் விரிந்த அணசு வழியே வெளிவருகிறது. சீவாளி காய்ந்தால் சுரம் பிசிறும். அதன் வாய் விரிந்துவிட்டால் வெறும் காற்றுதான் வரும். மாற்றுச் சீவாளியும் ஊசியும் வாத்தியத்திலேயே கட்டித் தொங்குவது அலங்காரத்துக்காக அல்ல. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு விரல் மட்டும் போதாது, உதட்டின் அழுத்தமும் மூச்சும் வேண்டும். உறவு சொல்ல வேண்டுமானால் வட இந்தியாவின் ஷெனாயைச் சொல்லியிருக்கலாம்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது தாங்கள் அறியாததல்ல. அந்த ஊர்க் கைவினைஞர்கள் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இசைவிழாச் சிறப்பிதழில் தவிலைப் 'பெரிய மிருதங்கம்' என்றீர்கள். மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கரணை என்ற கருநிறப் பூச்சு உண்டு. அதனால்தான் அதில் சுருதி துல்லியமாக நிற்கிறது. இத்தகைய தோற்கருவிகளின் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர் ஒலிகள்) இசைவாக அமைவதை சி.வி. இராமன் 1920-லேயே எழுதிவிட்டார். தவிலின் வலந்தலையில் கரணையே கிடையாது. வலக்கை விரல்களில் கூடு என்ற கடினமான உறை, இடக்கையில் கழி என்ற குச்சி. வாசிக்கும் விதம், அடிக்கும் பொருள், தோல், நாதம் எல்லாமே வேறு.

அதே இதழில் வீணைப் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டிருந்தீர்கள். வாசிப்பவரின் வலப்புறம் இருக்க வேண்டிய குடம் இடப்புறம் வந்துவிட்டது. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. கச்சேரிப் பாட்டுக்கு நாலு பக்கம், கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிப்பவர்களுக்கு அரைப் பக்கம், அதிலும் பிழை என்றால் மனம் வலிக்கிறது ஐயா.

அடுத்த இதழில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி வாத்தியங்களைப் பற்றிய பக்கத்தை, அச்சுக்குப் போகுமுன் அந்த வாத்தியத்தை வாசிக்கும் கலைஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்